ஒரே வீட்டுல நாலு பேருக்கு நாலு நோய். நாலும் ஒண்ணா இருந்தா?

1/
தாத்தா பி.பி. ஏறி திடீர்னு போயிட்டார். அப்பாவுக்குத் தலையில கட்டி. அத்தைக்குச் சின்ன வயசுலயே ஒரு கண்ணு போச்சு. பேத்திக்கு கிட்னியில நீர்க்கட்டி.

இப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்தா ஊர்ல என்ன சொல்லுவாங்க? "அந்த வீட்டுக்கு நேரமே சரியில்லீங்க" என்பார்கள். குலதெய்வக் குத்தம் என்பார்கள்.

ஆனால் இந்த நாலும் ஒரே நோயின் நாலு முகமாக இருக்கலாம். இன்னைக்கு அந்த நோயைப் பத்திப் பேசலாம். கொஞ்சம் நீளமான த்ரெட்தான், பொறுமையாப் படிங்க.

2/
நோயின் பெயர் வான் ஹிப்பெல் லிண்டாவ். சுருக்கமா வி.எச்.எல்.

பிறக்கும் குழந்தைகளில் சுமார் 36,000 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கும். அரிய நோய்தான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. மேலோட்டமாகக் கணக்குப் போட்டாலே நம்ம மாநிலத்தில் ஆயிரம் பேருக்கு மேல இருக்கணும். அதில் எத்தனை பேருக்குத் தன் நோயின் பெயர் தெரியும் என்பதுதான் கேள்வி.

3/
இந்த நோய் என்ன செய்யும்?

உடம்பில் குறிப்பிட்ட சில இடங்களில் கட்டிகளும் நீர்க்கட்டிகளும் வரும்.

- கண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்க் கட்டி
- சிறுமூளையிலும் தண்டுவடத்திலும் அதே மாதிரி கட்டி
- சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, சிலருக்குப் புற்றுநோய்
- கணையத்தில் நீர்க்கட்டி
- சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி
- சிலருக்கு உள்காதில் கட்டி, காது மந்தம்

மூளையிலும் கண்ணிலும் வருவது புற்றுநோய்க் கட்டி அல்ல, வேற இடத்துக்குப் பரவாது. ஆனால் இருக்கிற இடம் மோசமான இடம். கண்ணில் வளர்ந்தால் பார்வை போகும். சிறுமூளையில் வளர்ந்தால் நடை தள்ளாடும், தலைவலி, வாந்தி வரும். சிறுநீரகத்தில் வருவது பரவக்கூடிய புற்றுநோயாக மாறலாம்.

எல்லாருக்கும் எல்லாம் வராது. ஒரே வீட்டில் அண்ணனுக்குக் கண்ணிலும் தங்கைக்கு வயிற்றிலும் வரலாம். அதனாலதான் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கறதில்லை.

4/
ஒரு நிமிஷம் பயப்படாம இதைப் படிங்க.

நீர்க்கட்டி என்றாலே இந்த நோய் கிடையாது. பெண்களுக்குச் சினைப்பையில் வரும் பி.சி.ஓ.எஸ். வேற. வயசாக ஆக நிறையப் பேருக்குச் சிறுநீரகத்தில் ஒண்ணு ரெண்டு சாதாரண நீர்க்கட்டி வரும், அதுவும் வேற. பரம்பரையாக ரெண்டு கிட்னியும் கட்டிகளால் நிறைஞ்சு வீங்கும் இன்னொரு நோயும் இருக்கு, அதுவும் வேற. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில வெச்சுட்டு ராத்திரி தூங்காம இருக்காதீங்க.

5/
பெயர் எப்படி வந்தது?

ஜெர்மனியைச் சேர்ந்த கண் மருத்துவர் ஓய்கன் வான் ஹிப்பெல், 1904-ல் விழித்திரையில் வரும் இந்த விநோதமான ரத்தக்குழாய்க் கட்டியை விவரித்து எழுதினார். அவர் பார்த்தது கண்ணை.

1926-ல் ஸ்வீடனில் ஆர்விட் லிண்டாவ் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் சிறுமூளைக் கட்டிகளை ஆராய்ந்தார். அந்தக் கட்டியும், கண்ணில் வரும் கட்டியும், சிறுநீரகம், கணையத்தில் வரும் நீர்க்கட்டிகளும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதைக் கவனித்தார்.

ரெண்டு பேர் பார்த்ததும் ஒண்ணுதான் என்று புரிய 22 வருஷம் ஆனது. இன்னைக்கும் நிலைமை பெருசா மாறலை. கண்ணுக்கு ஒரு டாக்டர், தலைக்கு ஒரு டாக்டர், கிட்னிக்கு ஒரு டாக்டர். அவங்கவங்க உறுப்பை அவங்கவங்க சரியாப் பார்ப்பாங்க. எல்லா ஃபைலையும் ஒண்ணா வெச்சுப் பார்க்கத்தான் ஆள் வேணும்.

6/
உடம்புக்குள்ள என்னதான் நடக்குது?

கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இதை விளக்கறது சுலபம். மோட்டார் பம்புக்குப் பேர் போன ஊர் நம்ம ஊர்.

மொட்டை மாடித் தொட்டியில் மிதவை சுவிட்ச் பார்த்திருப்பீங்க. தண்ணி குறைஞ்சா மோட்டார் ஓடும். தொட்டி நிறைஞ்சதும் மிதவை மேலே வந்து மோட்டாரை நிறுத்திடும்.

நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கு. இங்கே தண்ணிக்குப் பதில் ஆக்சிஜன். ஆக்சிஜன் குறைஞ்சா 'ஹிஃப்' என்ற புரதம் வேலையை ஆரம்பிக்கும். புதுசா ரத்தக்குழாய் போடு, சிவப்பணுக்களை அதிகமாக்கு என்று உத்தரவு போடும். அதுதான் மோட்டார். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் வி.எச்.எல். புரதம் அந்த ஹிஃப்பைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். அதுதான் மிதவை.

மிதவை கெட்டுப் போனா? தொட்டி நிறைஞ்சு வழிஞ்சாலும் மோட்டார் நிக்காது. செல்லைச் சுற்றி ஆக்சிஜன் தாராளமா இருக்கும், ஆனால் அது மூச்சு முட்டுகிற மாதிரியே நினைத்துக்கொண்டு ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொண்டே போகும். அதுதான் கட்டி.

7/
அப்போ ஏன் உடம்பு முழுக்கக் கட்டி வரலை?

ஒவ்வொரு செல்லிலும் மிதவை ரெண்டு இருக்கு. ஒண்ணு அம்மா கொடுத்த ஜீன், இன்னொண்ணு அப்பா கொடுத்த ஜீன். இந்த நோயோடு பிறந்தவர்களுக்கு ஒண்ணு பிறவியிலேயே பழுது. இன்னொண்ணு வேலை செய்யறதால செல் நல்லாத்தான் இருக்கும். வாழ்நாளில் எப்போதாவது, ஏதோ ஒரு செல்லில் அந்த ரெண்டாவதும் கெட்டால் அந்த இடத்தில் கட்டி ஆரம்பிக்கும்.

பெரும்பாலும் 20, 30 வயசுகளில்தான் முதல் கட்டி தெரியவரும். அந்த ஜீன் இருப்பவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு 65 வயசுக்குள் ஏதாவது ஒரு அறிகுறி வந்துவிடும்.

8/
"சொந்தத்துல கட்டினதால வந்துதுங்களா?"

நம்ம பக்கம் கட்டாயம் வரும் கேள்வி. பதில்: இல்லை.

சொந்தத்தில் திருமணம் செய்வதால் அதிகமாகும் நோய்களில் அப்பா, அம்மா ரெண்டு பேரிடமும் பழுதான ஜீன் இருக்க வேண்டும். வி.எச்.எல். அப்படி இல்லை. ஒருவரிடம் இருந்தாலே போதும். எந்த ஊர்ல, எந்தக் கூட்டத்துல பெண் எடுத்திருந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு சரிபாதி. ஆணும் பெண்ணும் சமம். மாமன் மகளைக் கட்டினதாலும் இல்லை, மருமகள் வந்த நேரத்தாலும் இல்லை.

இன்னொண்ணு. சுமார் 20 சதவீதம் பேருக்கு இது பெற்றோரிடமிருந்து வருவதே இல்லை. அவரிடம்தான் புதுசா ஆரம்பிக்கும். அதனால "எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே" என்பதை மட்டும் வைத்து விலக்கிவிட முடியாது.

9/
இனி நான் பார்த்த ஒரு குடும்பம். யாரென்று தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சில வருஷம் முன்னாடி, ஒரு திங்கட்கிழமை ஓ.பி. திங்கட்கிழமை அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மில்லில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, வயசு 31. பி.பி. 180/110. ஏற்கெனவே ரெண்டு மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்காங்க.

"நல்லாத்தானுங்க இருப்பேன். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குமுங்க, மண்டை வெடிக்கற மாதிரி வலி, சேலையே நனையற மாதிரி வேர்த்து ஊத்துமுங்க. பத்து நிமிசத்துல சரியாப் போயிருமுங்க. மில்லு சூடுன்னு நெனச்சனுங்க."

தலைவலி, படபடப்பு, வியர்வை. மூணும் சேர்ந்து அலை அலையாக வந்தால், கூடவே இந்த வயசில் இந்த பி.பி. இருந்தால், அட்ரினல் கட்டியை நினைக்கணும். இது எம்.பி.பி.எஸ். பாடத்திலேயே இருப்பதுதான்.

10/
வீட்டில் வேற யாருக்காவது ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டேன்.

"பி.பி. யாருக்கும் இல்லீங்க" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "எங்கய்யனுக்குத் தலையில கட்டின்னு ஆபரேசன் பண்ணுனாங்க, அப்பறம் நாலு வருசத்துல போயிட்டாருங்க. எங்கத்தைக்கு ஒரு கண்ணு தெரியாதுங்க. அப்பாரு தோட்டத்துல மம்பட்டியோட நிக்கையிலயே உழுந்து போயிட்டாருன்னு சொல்லுவாங்க. அதுக்கும் எனக்கும் என்னங்க?" என்றார்.

அடுத்த தடவை வரும்போது அப்பாவின் பழைய காகிதம் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சப்பையில் மடிச்சு வெச்சிருந்த டிஸ்சார்ஜ் சம்மரி வந்தது. ஓரமெல்லாம் நைந்து போயிருந்தாலும் கட்டியின் பெயர் படிக்க முடிந்தது: ஹிமாஞ்சியோபிளாஸ்டோமா. சிறுமூளையில் வரும் ரத்தக்குழாய்க் கட்டி. அந்த ஒரு காகிதம் இல்லையென்றால் எங்களுக்கு இன்னும் எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

11/
மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இடது அட்ரினலில் கட்டி. சிறுநீரகத்திலும் கணையத்திலும் நீர்க்கட்டிகள். மரபணுப் பரிசோதனையில் வி.எச்.எல். உறுதியானது.

பி.பி.யைக் கட்டுக்குள் கொண்டுவர முதலில் தனி மாத்திரைகள், அப்புறம்தான் அறுவை சிகிச்சை. நல்லபடியாக முடிந்தது. படபடப்பு நின்றது.

கட்டியை எடுத்தாச்சு, கதை முடிஞ்சதுன்னு நினைச்சோம்னா அங்கேதான் கஷ்டமே ஆரம்பிச்சது.

12/
அவருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. ரெண்டு பேரும் பரிசோதனை செய்யணும்னு சொல்லியிருந்தோம். தம்பி தனியாக வந்து என்னைப் பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. சின்னவளுக்கு வரன் பேசிட்டு இருக்கறமுங்க. அநேகமா முடிஞ்ச மாதிரித்தான். இது வெளிய தெரிஞ்சா யாருங்க பொண்ணெடுப்பாங்க? கல்யாணம் முடியட்டுங்க, அப்பறம் பாத்துக்கலாம். அவகிட்டயே சொல்ல வேண்டாமுங்க."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரலை. அப்பா இல்லாத வீடு. பொறுப்பு முழுக்க அவர் தலையில்.

என் பக்கமும் ஒரு சிக்கல். ஒரு நோயாளியின் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் நான் போன் போட்டு இன்னொருவரிடம் சொல்ல முடியாது, அது கூடப்பிறந்த தங்கையாகவே இருந்தாலும். ஆனால் அந்தத் தங்கைக்கு 24 வயசு. அந்த நிமிஷமே அவள் கண்ணுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ ஏதாவது வளர்ந்துகொண்டு இருக்கலாம்.

13/
தம்பியிடம் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "கல்யாணத்தன்னைக்கு மறைச்சுடலாமுங்க. பிரசவத்தன்னைக்கு மறைக்க முடியாதுங்க."

மிகைப்படுத்திச் சொல்லலை. அட்ரினலில் கட்டி இருப்பது தெரியாமல் ஒரு பெண் பிரசவத்துக்குப் போனால், அல்லது யாராக இருந்தாலும் மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷனுக்குப் போனால், பி.பி. தாறுமாறாக ஏறி உயிரே போகலாம். முன்கூட்டியே தெரிந்தால் தயார்ப்படுத்தி, பத்திரமாகச் செய்ய முடியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். அக்காவிடமும் பேசினேன். எப்படிச் சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். கடைசியில் அவரே தங்கையிடம் சொன்னார்.

14/
தம்பிக்கு அந்த ஜீன் இல்லை. தங்கைக்கு இருந்தது. பார்வையில் எந்தக் குறையும் தெரியாத வலது கண்ணின் ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டி. சின்னதாக இருந்ததால் லேசரிலேயே முடிந்தது. அட்ரினல் சுத்தம்.

மறைக்காம எழுதறேன்: அந்த வரன் கூடி வரலை. மாப்பிள்ளை வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னார்கள், அவர்கள் விலகிக்கொண்டார்கள். கொஞ்ச காலம் அக்கா, தம்பி சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்றும் கேள்விப்பட்டேன். தங்கை ரெண்டு கண்ணும் நல்லாத் தெரிய இப்போ வேலைக்குப் போயிட்டு இருக்கு. தன் ஸ்கேன் தேதியெல்லாம் தன் போனில் தானே குறிச்சு வெச்சிருக்கு.

15/
அந்த அக்காவுக்கு ரெண்டு குழந்தைகள். பையனுக்கு இல்லை. அஞ்சு வயசுப் பாப்பாவுக்கு இருக்கு.

"நாந்தானுங்களா குடுத்துட்டேன்?" என்று கேட்டார்.

இதுக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் கிடையாது. நான் சொன்னது இதுதான். "உங்க அய்யனுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சு யாரும் கொடுக்கலை. ஆனா உங்க அய்யனுக்குக் கிடைக்காத ஒண்ணு பாப்பாவுக்குக் கிடைச்சிருக்கு. கட்டி வர்றதுக்கு முன்னாடியே எங்கெங்க தேடணும்னு நமக்குத் தெரியும்."

16/
ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை இல்லை அது. முறையான கண்காணிப்பு இல்லாத காலத்தில் இந்த நோய் உள்ளவர்களில் பாதிப்பேர் 50 வயசைத் தாண்டவில்லை. மூளைக் கட்டியும் சிறுநீரகப் புற்றுநோயும்தான் முக்கியக் காரணம். தொடர்ந்து பரிசோதனை செய்துகொள்வதால் இன்று ஆயுள் கூடியிருக்கிறது.

அந்த அட்டவணை:

- கண்: ஒரு வயசுக்கு முன்பே ஆரம்பிக்கணும். பாப்பாவைத் தரச்சொட்டு போட்டு, பாவையை விரித்து, விழித்திரை மருத்துவர் பார்க்கணும். வருஷம் ஒரு தடவையாவது.
- பி.பி. 2 வயசிலிருந்தும், அட்ரினல் கட்டிக்கான மெட்டாநெஃப்ரின் பரிசோதனை 5 வயசிலிருந்தும்: வருஷா வருஷம்.
- மூளை, தண்டுவடம் எம்.ஆர்.ஐ., கூடவே காது கேட்கும் திறன்: 11 வயசிலிருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.
- வயிறு எம்.ஆர்.ஐ.: 15 வயசிலிருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது. திரும்பத் திரும்ப எடுக்கலாம்.

17/
சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தால் உடனே கிட்னியை எடுத்துவிடுவார்களா? மாட்டார்கள்.

இந்த நோயில் திரும்பத் திரும்பக் கட்டி வரும். ஒவ்வொரு தடவையும் வெட்டினால் கிட்னியே மிஞ்சாது. அதனால் பொதுவாக 3 செ.மீ. வரை கண்காணிப்பார்கள். அதை எட்டும்போது கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். "கட்டி இருக்குன்னு சொல்லிட்டு சும்மா பார்த்துட்டே இருக்காங்களே" என்று டாக்டரைச் சந்தேகப்படாதீங்க. அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான்.

18/
மாத்திரை இருக்கா? இருக்கு.

1993-ல் 3-ஆம் குரோமோசோமில் இந்த ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் வில்லியம் கேலின் இந்த நோயை ஆராய்ந்துகொண்டே போய், நான் மேலே சொன்ன மிதவை சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று கண்டறிந்தார். இங்கிலாந்தின் பீட்டர் ராட்கிளிஃப், அமெரிக்காவின் கிரெக் செமென்சா ஆகியோரோடு சேர்த்து 2019-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 36,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய்தான், நம்ம எல்லாருடைய செல்லும் ஆக்சிஜனை எப்படி அளக்குது என்று சொல்லிக்கொடுத்தது.

2021 ஆகஸ்டில் பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மிதவையை அது சரிசெய்யாது, ஓடிக்கொண்டே இருக்கும் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கிவிடும். கட்டிகள் நிறையப் பேருக்குச் சுருங்குகின்றன. ஆனால் ரத்தசோகை வரும், கர்ப்பிணிகள் எடுக்கக்கூடாது, விலையும் நம்ம கைக்கு எட்டாத உயரம். நிபுணர் சொன்னால் மட்டுமே.

19/
யாரெல்லாம் சந்தேகப்படணும்?

- விழித்திரையிலோ சிறுமூளையிலோ தண்டுவடத்திலோ ரத்தக்குழாய்க் கட்டி என்று ரிப்போர்ட் வந்தவர்கள்
- அட்ரினலில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வந்தவர்கள்
- இள வயசில், அல்லது ரெண்டு கிட்னியிலும் புற்றுநோய் வந்தவர்கள்
- கணையத்தில் நிறைய நீர்க்கட்டி உள்ளவர்கள்
- இதில் ஏதாவது ஒன்று நெருங்கிய ரத்த உறவில் இருப்பவர்கள்

ரத்தப் பரிசோதனையில் ஜீனைப் பார்க்கலாம். முதலில் நோய் உள்ளவருக்கு. அவரிடம் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இல்லை என்று வந்தால் அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் கவலை விட்டது, ஸ்கேன் எதுவும் தேவையில்லை. குழந்தை பெற்றுக்கொள்வது பற்றிய முடிவுகளுக்கும் மரபணு ஆலோசகர் வழி சொல்வார். முடிவு அந்தத் தம்பதியருடையது, மாமியார் வீட்டாருடையது அல்ல.

20/
எங்கே போவது?

கோவை சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் திருச்சி ரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பிக்கலாம். இ.எஸ்.ஐ. கார்டு உள்ள மில், பவுண்டரித் தொழிலாளர்களுக்கு நம்ம சிங்காநல்லூர் வரதராஜபுரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கு. விழித்திரைக்கு அரவிந்த், சங்கரா கண் மருத்துவமனைகள் கோவையிலேயே இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யில் மரபணு மருத்துவத்துக்குத் தனித் துறை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கு. என்னென்ன சிகிச்சைக்குப் பொருந்தும் என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் கேளுங்க.

எந்த ஆபரேஷனாக இருந்தாலும், பல் பிடுங்குவதாக இருந்தாலும், பிரசவமாக இருந்தாலும், "எனக்கு வி.எச்.எல். இருக்கு" என்று முதல் வரியிலேயே சொல்லிடுங்க.

21/
இந்த நோய் உங்களுக்கு இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனாலும் ஒரு வேலை சொல்றேன், எல்லாரும் செய்யலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெரியவங்க யாராவது இருந்தா பக்கத்துல உட்காருங்க. அப்பாரு, அப்பத்தா, அப்புச்சி, அம்மிச்சி, அத்தை, மாமன், சித்தப்பன் என்று வரிசையாக எழுதுங்க. யாருக்கு என்ன நோய், எத்தனை வயசுல, யார் எப்படிப் போனாங்க என்று குறிச்சு வைங்க. "தலையில கட்டி", "திடீர்னு போயிட்டாரு" என்று அவங்க சொல்ற வார்த்தையையே எழுதுங்க. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தா போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைங்க. அசல் காகிதத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க.

சர்க்கரை, மாரடைப்பு, மார்பகப் புற்றுநோய் என்று எதுக்கு டாக்டரைப் பார்க்கப் போனாலும் அந்த ஒரு பக்கம் கூட இருக்கட்டும். எங்களுக்கு உங்களோடு கிடைப்பது ரெண்டு நிமிஷம். அந்த ஒரு பக்கம் இருந்தா அந்த ரெண்டு நிமிஷம் போதும்.


அரசு மருத்துவர், சிங்காநல்லூர்